வீட்டில் செய்யும் பிலிம் கமராவில் இன்றைய லென்ஸ் போடுவது: எங்கிருந்து தொடங்கலாம்?

கொக்குவில்_வெளிச்சம் எழுதியது:

வணக்கம் எல்லோருக்கும். கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா என்று படம் எடுக்கும் ஒரு குழுவில் வேலை செய்கிறேன், எல்லாம் டிஜிட்டல்தான். கொஞ்சக் காலமாக மனதில் கிடக்கிற ஆசை, 35 மி.மீ. பிலிம் கமரா ஒன்றை நானே செய்து அதில் இப்போது கையில் இருக்கிற லென்ஸ்களைப் போட வேண்டும் என்பது. பழைய கமரா வாங்கிப் படம் எடுக்கலாம் என்று தெரியும். ஆனால் பெட்டி, பிலிம் ஓடும் பாதை, வெளிச்சம் புகாத மூடி எல்லாம் என் கையால் செய்து, அதில் விழுந்த ஒரு நெகட்டிவைத் தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். அதுதான் விருப்பம்.

கையில் இருப்பது மூன்று லென்ஸ். சோனி மிரர்லெஸ் கமராவுக்கான 50 மி.மீ. எஃப் 1.8, கனன் இஎஃப் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்ரிஎம், அப்புறம் மாமா ஒருவர் தந்த பழைய நிக்கான் ஏஎஃப் 50 மி.மீ. எஃப் 1.8 டி. நண்பரிடம் 3டி பிரின்டர் இருக்கிறது, பிஎல்ஏ, பெட்ஜி (PLA, PETG) என்ற இரண்டு வகைப் பிளாஸ்ரிக்கிலும் அடிக்கலாம். சால்டரிங் தெரியும், ஆர்டுயினோ என்ற சின்ன மின்சுற்றுக் கணினிப் பலகையில் சின்னச் சின்ன வேலைகள் செய்திருக்கிறேன்.

2013 இல் லியோ மரியூஸ் என்பவர் வெளியிட்ட ஓப்பன்ரிஃப்ளெக்ஸ் கமராவின் வரைபடங்களைப் பார்த்தேன். பெரும்பாலான பாகங்களைப் பிரின்டரில் எடுத்துவிடலாம், ஆனால் ஷட்டருக்கு ஏறக்குறைய 1/60 வினாடி என்று ஒரே ஒரு வேகம்தான். எங்கள் வெயிலுக்கு அது சரிவருமா? எந்த மவுண்டை (லென்ஸ் பூட்டும் வாயை) வைத்துத் தொடங்குவது, ஷட்டருக்கு என்ன செய்வது, பிலிமை ஒவ்வொரு படத்துக்கும் எவ்வளவு நகர்த்துவது என்று எப்படித் தெரிந்துகொள்வது? பெட்டி செய்து பழகியவர்கள், கமரா திருத்தியவர்கள் யாரும் இருந்தால் சொல்லித் தாருங்கள்.


லேத்_சுன்னாகம் எழுதியது:

தம்பி, பெட்டியைப் பிறகு பார்ப்போம், முதலில் லென்ஸ். மூன்றும் 50 மி.மீ. என்றாலும் மூன்றும் ஒரே விதம் இல்லை. சோனி லென்ஸில் வளையத்தைச் சுற்றினால் உள்ளே கண்ணாடி நேரே அசையாது, வளையம் ஒரு செய்தி அனுப்பும், மோட்டர்தான் கண்ணாடியை நகர்த்தும். மின்சாரம் இல்லாவிட்டால் போகஸும் இல்லை, வெளிச்சம் புகும் துளையான அப்பர்ச்சரும் அசையாது. கனன் எஸ்ரிஎம்மும் இதே கதைதான். நிக்கான் டி லென்ஸ் மட்டும் முழுக்கக் கையால் இயங்கும். போகஸ் வளையம் நேரே திருகோடு பிணைந்தது, அப்பர்ச்சருக்குத் தனி வளையம் இருக்கிறது, கமராவிலிருந்து கழற்றினாலே நீங்கள் வைத்த எண்ணுக்குத் தானாக மூடிக்கொள்ளும். எந்த லீவரும் இணைப்பும் தேவையில்லை, ஓட்டையில் வைத்தால் வேலை செய்யும். அதனால் முதல் கமராவை நிக்கான் எஃப் மவுண்டுக்கே செய்யுங்கள்.

இனி முக்கியமான விஷயம். லென்ஸ் உட்காரும் உலோக முகத்திலிருந்து பிலிம் படியும் தளம் வரையான தூரம். நிக்கான் எஃப்புக்கு 46.5 மி.மீ., கனன் இஎஃப்புக்கு 44, சோனி ஈ மவுண்டுக்கு வெறும் 18. கமரா என்று நாம் சொல்வது உண்மையில் இந்த ஒரு தூரம்தான் என்று நினைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். மற்ற எதில் ஒரு மில்லிமீற்றர் பிசகினாலும் சமாளிக்கலாம், இதில் முடியாது.

எவ்வளவு பிசகலாம் என்று கணக்குப் பார்ப்போம். எஃப் 1.8 இல் பிலிம் முன்னும் பின்னும் 0.05 மி.மீ. அளவுக்குள் நிற்க வேண்டும். 50 மி.மீ. லென்ஸில் தூரம் 0.1 மி.மீ. கூடிவிட்டால், வளையம் முடிவிலியில் நிற்கும்போது போகஸ் 25 மீற்றரில் விழும், அதற்கு அப்பால் எதுவும் கூர்மையாக வராது. 24 மி.மீ. லென்ஸில் அதே 0.1 உங்களை 6 மீற்றருக்குள் இழுத்துவிடும். மறுபக்கம், தூரம் 0.1 குறைந்துவிட்டால் வளையத்தைக் கொஞ்சம் திருப்பிச் சரிக்கட்டலாம், எழுதியிருக்கிற மீற்றர் எண்கள்தான் பொய் சொல்லும். ஆகவே எப்போதும் பெட்டியை ஒரு சொட்டுக் கட்டையாக, 46.2 போல வைத்துச் செய்து, மவுண்டுக்குக் கீழே தகடு வைத்து உயர்த்தி வாருங்கள். சோடா ரின்னின் அலுமினியம் ஏறக்குறைய 0.1 மி.மீ., சமையலறை அலுமினியத்தாள் அதைவிட மிகவும் மெல்லியது, இரண்டையும் கலந்து வைத்தால் வேண்டிய அளவுக்கு வந்துவிடலாம். பிரின்டரின் ஒரு அடுக்கே 0.2 மி.மீ. என்பதால் பிரின்டரை நம்பி இந்த அளவை விட்டுவிட வேண்டாம். நான் என்றால் லென்ஸ் மவுண்ட் உட்காரும் முன்பலகையை மட்டும் அலுமினியத்தில் லேத்தில் போட்டு இரண்டு முகமும் சமாந்தரமாகச் சீவி எடுப்பேன். பிலிம் படியும் இரண்டு தண்டவாளத்தையும் தட்டையான கண்ணாடியில் மண்கடதாசி வைத்துத் தேய்த்துச் சமப்படுத்துங்கள்.

மவுண்டைப் பிரின்டரில் அடிக்காதீர்கள், தேய்ந்துவிடும். லென்ஸுக்கும் கமராவுக்கும் நடுவே பூட்டும் மலிவான மக்ரோ ரியூப் செட் ஒன்று வாங்கினால் அதில் லென்ஸ் பூட்டும் பக்கத்து உலோக வளையம், பூட்டு முள்ளோடு கிடைக்கும். அதைக் கழற்றி முன்பலகையில் திருகாணி போட்டு இறுக்கினால் வேலை முடிந்தது.

சரி பார்க்கிறது எப்படி? 3 மி.மீ. கண்ணாடித் துண்டு ஒன்றை, மோட்டார் உதிரிப்பாகக் கடையில் கிடைக்கும் வால்வு தேய்க்கிற பேஸ்ற் போட்டு இன்னொரு கண்ணாடியோடு தேய்த்தால் பால் போல மங்கும். மங்கிய பக்கம் லென்ஸைப் பார்க்க, பிலிம் படியும் தண்டவாளத்திலேயே அதை வையுங்கள். இரவில் ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் நிற்கும் தொலைபேசிக் கோபுரத்தின் சிவப்பு விளக்கைப் பாருங்கள், அப்பர்ச்சர் முழுக்கத் திறந்திருக்கட்டும், பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். வளையம் முடிவிலியில் இருக்கும்போது அந்த விளக்கு ஊசிமுனைப் புள்ளியாக வர வேண்டும். நான்கு மூலையிலும் வர வேண்டும். ஒரு மூலையில் மட்டும் ஊதினால் பலகை சரிந்திருக்கிறது என்று அர்த்தம், அந்தப் பக்கத்துக்கு மட்டும் தாள் வைக்கலாம்.

சோனி மவுண்ட் ஆசையையும் விட வேண்டியதில்லை, கையால் இயங்கும் லென்ஸ் என்றால் போடலாம். தண்டவாளத்திலிருந்து பெட்டியின் முன்முகம் வரை 15 மி.மீ. இருக்கும்படி உடம்பைச் செய்து, அதன் மேல் கழற்றி மாட்டும் முன்பலகைகள் வையுங்கள். 31.5 மி.மீ. பலகை போட்டால் நிக்கான், 29 போட்டால் கனன், 3 போட்டால் சோனி. ஷட்டர் அந்த 15 க்குள் அடங்க வேண்டும், சில மிரர்லெஸ் லென்ஸ்களின் வால் மவுண்டுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும், அதையும் அளந்துகொள்ளுங்கள்.


பண்ணைக்காற்று எழுதியது:

மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் ஒன்றை நேரே சொல்லிவிடுகிறேன். கனன் இஎஃப் மவுண்ட் 1987 இல் ஈஓஎஸ் 650 என்ற பிலிம் கமராவோடுதான் வந்தது. அந்த வரிசை பிலிம் கமரா எதிலும் உங்கள் எஸ்ரிஎம் லென்ஸ் அப்படியே பூட்டும், போகஸும் அப்பர்ச்சரும் தானாக வேலை செய்யும். பிளாஸ்ரிக் உடம்புள்ள ஈஓஎஸ் 300 போன்றவற்றைப் பழைய விலைக்கு வாங்கலாம். கனன் லென்ஸுக்காகப் பெட்டி செய்வது வீண் உழைப்பு என்பது என் கருத்து. செய்வதென்றால் உலகத்தில் யாரும் பிலிம் கமரா விற்காத மவுண்டுக்குச் செய்யுங்கள், அதாவது சோனி ஈ, கனன் ஆர்எஃப், நிக்கான் இசட். அங்கேதான் கையால் செய்யும் கமராவுக்கு வேலை இருக்கிறது.

ஆனால் அந்த லென்ஸ்களில் இன்னொன்றும் உண்டு. இன்றைய லென்ஸ் பலவற்றில் நேர்க்கோடு வளைவதையும் மூலை இருள்வதையும் கமராவின் மென்பொருள் திருத்தும் என்று நம்பித்தான் கண்ணாடியை வடிவமைக்கிறார்கள். பிலிமில் திருத்த ஆளில்லை. வாசல் நிலை பீப்பாய் மாதிரிப் பிதுங்கும், மூலை கறுக்கும். அதோடு டிஜிட்டல் சென்சருக்கு முன்னால் ஒரு கண்ணாடி அடுக்கு இருக்கிறது. கண்ணாடி போகஸைத் தன் தடிப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பின்னுக்குத் தள்ளும், பிலிமுக்கு முன் அது இல்லை. அதனால் 18 மி.மீ. என்ற எண்ணைக் கல்லில் எழுதியதாக எடுக்காமல், லேத் அண்ணை சொன்ன மங்கல் கண்ணாடியில் தெரிவதையே நம்புங்கள். 50 இல் பெரிதாகத் தெரியாது, அகலக் கோண லென்ஸில் ஓரங்கள் கட்டாயம் குழையும்.

கையால் இயங்கும் லென்ஸ்களை இப்போதும் சீனக் கொம்பனிகள் ஈ மவுண்டுக்கே செய்கின்றன. ரிரிஆர்ட்டிசன், செவன்ஆர்ட்டிசன்ஸ் இரண்டிலும் போகஸும் அப்பர்ச்சரும் வளையத்திலேயே உண்டு. 36 க்கு 24 மி.மீ. முழுச்சட்டகத்துக்கானதா என்று மட்டும் பார்த்து வாங்க வேண்டும்.


அறிவியல்நகர்_சுற்று எழுதியது:

கிளிநொச்சியில் பொறியியல் பீடத்தில் படிக்கிறேன், ஷட்டர் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன் அண்ணா. ஷட்டரை அடியிலிருந்து செய்ய வெளிக்கிடாதீர்கள், செத்துப்போன பிலிம் கமரா ஒன்றிலிருந்து முழு ஷட்டர் பெட்டியைக் கழற்றி எடுங்கள். ஏன் பிலிம் கமரா என்றால், மலிவாகக் கிடைக்கும் டிஎஸ்எல்ஆர்களில் பெரும்பாலானவை ஏபிஎஸ்சி (APS-C) என்ற சின்னச் சென்சர் உள்ளவை, அவற்றின் ஷட்டர் வாசல் ஏறக்குறைய 24 க்கு 16 மி.மீ.தான், நமக்கு வேண்டியது 36 க்கு 24. மிரர்லெஸ் கமராவின் ஷட்டரும் வேண்டாம், திரையில் படம் காட்ட வேண்டும் என்பதால் அது சும்மா இருக்கும்போது திறந்தே கிடக்கும், பிலிம் முழுக்க வெளிச்சம் குடித்துவிடும். ஈஓஎஸ் 300 போன்ற பிளாஸ்ரிக் கமராக்கள் பல மற்ற ஏதோ பழுதால் ஒதுக்கப்பட்டுக் கிடக்கும், ஷட்டர் நன்றாகவே இருக்கும்.

கழற்றும் முன் ஒரு விஷயம், தயவுசெய்து இதைக் கவனமாக வாசியுங்கள். உள்ளே பிளாஷ் உள்ள எந்தக் கமராவிலும் ஒரு பெரிய கப்பாசிற்றர் இருக்கிறது, அதில் 300 வோல்ற்று அளவில் மின்னேற்றம் நிற்கலாம். பற்றரியைக் கழற்றிப் பல நாள் ஆனாலும் நிற்கலாம். மூடியைத் திறந்தவுடன் அதன் இரண்டு காலுக்கும் குறுக்கே சில கிலோ ஓம் தடை ஒன்றை, கைபடாதபடி பிளாஸ்ரிக் பிடியுள்ள குறட்டால் பிடித்து வைத்து, மீற்றரில் அளந்து சுழியம் வந்த பிறகுதான் விரலை உள்ளே விட வேண்டும்.

ஷட்டர் வேலை செய்யும் விதம் சுகமானது. இரண்டு திரை, இரண்டுக்கும் ஒவ்வொரு மின்காந்தம். ஒரு நெம்புகோல் இரண்டு திரையையும் சுருளுக்கு எதிராகப் பின்னால் இழுத்துப் பூட்டும். படம் எடுக்கும்போது இரண்டு காந்தத்துக்கும் மின் கொடுத்துப் பிடித்துக்கொண்டு நெம்புகோலை விடுவிக்க வேண்டும். முதல் காந்தத்தின் மின்னை நிறுத்தினால் முதல் திரை ஓடித் திறக்கும், இரண்டாவதை நிறுத்தினால் மற்றத் திரை ஓடி மூடும். இந்த இரண்டு நிறுத்தலுக்கும் இடைப்பட்ட நேரம்தான் உங்கள் ஷட்டர் வேகம். ஆர்டுயினோவுக்கு மைக்ரோ வினாடி வரை எண்ணத் தெரியும் என்பதால் 1/500 வரை தாராளமாகப் போகலாம். ஒவ்வொரு காந்தத்துக்கும் மின்னைக் கொடுத்து நிறுத்த ஒரு மொஸ்ஃபெற், குறுக்கே ஒரு டயோட். டயோட் போட்டால் காந்தம் விடக் கொஞ்சம் தாமதிக்கும், ஆனால் இரண்டும் ஒரே அளவு தாமதிப்பதால் வித்தியாசம் கழிந்துவிடும், அதனால் இரண்டுக்கும் ஒரே வகை டயோட் போடுங்கள். நெம்புகோலைக் கையால் இழுத்தாலே போதும், முதல் கமராவுக்கு மோட்டர் வேண்டாம்.

வேகம் சரியா என்று அளக்க, பின்மூடியைத் திறந்து பிலிம் இருக்கிற இடத்தில் ஒரு போட்டோ டிரான்சிஸ்ரரை வைத்து, முன்னால் ரோச் வெளிச்சம் அடித்து, அதன் வெளியீட்டை மடிக்கணினியின் மைக் வாயிலில் கொடுத்து ஒலியாகப் பதியலாம். வினாடிக்கு 44,100 மாதிரி பதிகிறது என்றால் 1/500 என்பது 88 மாதிரி, எண்ணிப் பார்த்துவிடலாம். தொலைபேசியின் 240 சட்டக மெதுவோட்டம் 1/60 வரைக்கும்தான் உதவும், அதுவும் நான்கு சட்டகம்தான் கிடைக்கும்.

நீங்கள் கேட்ட 1/60 பற்றி. உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100 பிலிமுக்கு எஃப் 16 இல் 1/100 வேண்டும் என்பது பொது விதி. 1/60 என்றால் எஃப் 22 க்குக் கிட்ட வரும். உங்கள் நிக்கான் லென்ஸ் 22 வரை மூடும், ஆகவே ஐஎஸ்ஓ 100 என்றால் சமாளிக்கலாம், 400 என்றால் வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்பு வடிகட்டி இல்லாமல் முடியாது.


பழைய_இருட்டறை எழுதியது:

வாசிக்கச் சந்தோசமாக இருக்கிறது. நான் ஸ்ரூடியோ வேலையிலேயே வளர்ந்தவன். போரால் யாழ்ப்பாணத்தில் பற்றரிக்குத் தடை இருந்த தொண்ணூறுகளில், பற்றரி இல்லாமல் ஓடும் கமராதான் எங்களுக்குச் சோறு போட்டது. அதனால் மின்காந்த ஷட்டர் நல்லது என்று பிள்ளை எழுதியதை ஒத்துக்கொண்டாலும், தம்பிக்கு ஒரு பழைய மெக்கானிக்கல் கமரா அகப்பட்டால் அதன் துணி ஷட்டரை விட்டுவிட வேண்டாம் என்று சொல்லுவேன். செனிற் போன்ற ரஷ்யக் கமராவில் 1/30 முதல் 1/500 வரை எல்லாம் சுருளும் பல்லும்தான். பிலிமை நகர்த்துவதும் ஷட்டரைப் பூட்டுவதும் ஒரே இழுவையில் நடக்கும். துணியில் ஊசித்துளை இருக்கிறதா என்று மட்டும் விளக்கில் பிடித்துப் பாரும், இருந்தால் கறுப்புத் துணி மையும் ரப்பர் பசையும் கலந்து மெல்லிசாகப் பூசலாம்.

பெட்டிக்குப் பிஎல்ஏ வேண்டாம். அது 60 பாகையிலேயே இளகத் தொடங்கும். மத்தியானத்தில் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள்ளோ காருக்குள்ளோ வைத்துவிட்டு ஒரு கலியாண வீட்டில் சாப்பிட்டு வந்தால் உம்முடைய 46.5 மி.மீ. போய்விடும். பெட்ஜி 80 பாகை மட்டும் தாங்கும். சுவர் 3 மி.மீ. தடிப்பாவது இருக்கட்டும், கறுப்புப் பிளாஸ்ரிக் மெல்லிசாக இருந்தால் வெளிச்சத்தை விடும். இரவில் எல்லா விளக்கையும் அணைத்து, தொலைபேசியின் ரோச்சை எரியவிட்டுப் பெட்டிக்குள் வைத்து மூடி, கண் இருட்டுக்குப் பழகும் வரை இருந்து பாரும். பொட்டு வெளிச்சம் வந்தாலும் தெரியும். பின்மூடி நாக்கும் பள்ளமுமாக ஒன்றுக்குள் ஒன்று இறங்க வேண்டும், பள்ளத்துக்குள் கறுப்புக் கம்பளி நூலை ஒட்டும், பிணைச்சல் பக்கத்துக்கு வெல்வெட்டுத் துணி. உள்ளே முழுக்கக் கரும்பலகைக்குப் பூசும் மினுங்காத பெயின்ற்.

பிலிம் நகர்த்துவதைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. ஒரு படத்துக்கு எட்டுத் துளை, 38 மி.மீ. பழைய கமராவின் பல்லுருளையைக் கழற்றிப் போட்டால் அதில் எட்டுப் பல் இருக்கும், ஒரு சுற்று ஒரு படம். அது கிடைக்காவிட்டால் மெல்லிய பிளாஸ்ரிக் நாக்கு ஒன்றை வெட்டித் துளையில் தட்டும்படி வையும், டிக் டிக் என்று எட்டு எண்ணும். சுருளின் சுற்றை எண்ணி நகர்த்தக் கூடாது, பிலிம் ஏற ஏறச் சுருள் தடிக்கும், கடைசிப் படங்களுக்கு இடையில் வெற்றிடம் கூடிக்கொண்டே போகும். திருப்பிச் சுற்றுகிற பொறியும் வேண்டாம். வெறும் பிலிம் கூடு ஒன்றை மறுபக்கம் வைத்து, அதில் நீட்டிக்கொண்டிருக்கும் துண்டோடு புதுப் பிலிமின் நுனியைச் செலோரேப்பால் ஒட்டிவிடும், ஒரு கூட்டிலிருந்து மறு கூட்டுக்குப் போய்ச் சேரும், பின்மூடி தவறித் திறந்தாலும் நடுவிலுள்ள ஓரிரு படம்தான் போகும். கடைசியில் மட்டும் பலமாக இழுக்காதீர், நுனி கூட்டுக்குள் கழன்றுவிட்டால் இருட்டறைக்குள் போய்த்தான் எடுக்க வேண்டும்.

கழுவுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கே கழுவுகிறவர்கள் வழுக்கி விழும் இடம் அதுதான். கறுப்பு வெள்ளைக்குப் புத்தகத்தில் 20 பாகை என்று இருக்கும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் அதைவிட எவ்வளவோ சூடு. சூட்டுக்கு நேரத்தைக் குறைத்துக்கொண்டு போனால் ஐந்து நிமிடத்துக்கும் கீழே போய்விடும், அப்போது படம் திட்டுத் திட்டாக வரும். டி76 டெவலப்பர் என்றால் ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்து நீர்க்க வைத்து நேரத்தை நீட்டும், ஐஸ் போட்ட வாளிக்குள் போத்தலை நிறுத்தி வையும். நிறப் பிலிமின் சி41 முறைக்கு 38 பாகை வேண்டும், எங்களுக்கு அது சுகம், ரசாயனம்தான் விலை. சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணீர் என்பதால் காயும்போது பிலிமில் வெள்ளைத் தடம் விழும், சுரண்டினாலும் போகாது. கடைசி அலசலை மட்டும் பற்றரிக்கு விடும் வடிதண்ணீரில் ஒரு சொட்டு அலசல் திரவம் விட்டுச் செய்யும்.

பிலிமை வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தங்களிடம் சொல்லி எடுப்பதென்றால், பெரிய பெட்டிக்குள் போட வேண்டாம், கைப்பையில் வைத்து விமான நிலையத்தில் கையால் பார்க்கச் சொல்லிக் கேட்கச் சொல்லும். புதுச் சி.ரி. (CT) எக்ஸ்ரே ஸ்கானர்கள் கழுவாத பிலிமை மங்கலாக்கிக் கெடுத்துவிடும் என்று கொடக்கே எச்சரித்திருக்கிறது. 100 அடிச் சுருளாக எடுத்தால் 36 படக் கூடு ஏறக்குறைய 18 சுற்றலாம், பழகுகிற காலத்துக்கு அதுதான் கட்டுப்படியாகும்.


கொக்குவில்_வெளிச்சம் எழுதியது:

இவ்வளவு விளக்கமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவே இல்லை, எல்லோருக்கும் மிக நன்றி. ஐயா எழுதிய தண்ணீர் விஷயம் எந்த இணையப் பக்கத்திலும் இல்லை, கோண்டாவிலில் ஒரு நண்பர் கழுவிய பிலிமில் நான் கண்ட தடம் இதுதான் என்று இப்போது விளங்குகிறது.

முடிவு இதுதான். உடம்பு 15 மி.மீ. ஆழத்தில் பெட்ஜியில், முன்பலகை அலுமினியத்தில், முதலில் 31.5 மி.மீ. பலகையோடு நிக்கான் டி லென்ஸ். ஷட்டருக்குப் பழுதான ஈஓஎஸ் ஒன்று கிடைக்கும் போல இருக்கிறது, கப்பாசிற்றர் எச்சரிக்கையை அச்சடித்து மேசைக்கு மேலே ஒட்டிவிட்டேன். பண்ணைக்காற்று சொன்னதையும் யோசித்தேன், கனன் லென்ஸை இந்தத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுகிறேன். சோனிப் பலகை இரண்டாம் கட்டம், அதற்கு கையால் இயங்கும் லென்ஸ் ஒன்றும் வாங்க வேண்டி வரும்.

லேத் அண்ணை, பலகையை உங்களிடமே செய்விக்கலாமா? வரைபடம் கீறிக்கொண்டு வருகிறேன்.

இன்னும் ஒரு கேள்வி மிச்சம். லென்ஸில் தெரிவதைக் கண்ணுக்குத் திருப்பிக் காட்டும் கண்ணாடியும் பென்டாபிறிசமும் இல்லாத பெட்டியில் எதைப் பார்த்துச் சட்டகம் பிடிப்பது, போகஸை எப்படி வைப்பது? மங்கல் கண்ணாடியைப் பிலிம் போட்ட பிறகு வைக்க முடியாதே.


லேத்_சுன்னாகம் எழுதியது:

வாருங்கள் தம்பி, சனிக்கிழமை பின்னேரம் என்றால் ஆறுதலாகக் கதைக்கலாம். வரைபடத்தில் பலகையின் தடிப்பை 31.2 என்று போடுங்கள், 31.5 வேண்டாம், மிச்சத்தைத் தகடு பார்த்துக்கொள்ளும். மக்ரோ ரியூப் வளையத்தையும் கையோடு கொண்டு வாருங்கள், அதன் தடிப்பையும் கழிக்க வேண்டும், திருகாணித் துளையை அதை வைத்துத்தான் குறிக்கலாம்.


பழைய_இருட்டறை எழுதியது:

கம்பிச் சட்டகம் போதும் தம்பி. கண்ணுக்கும் கம்பிக்கும் உள்ள தூரம் லென்ஸின் குவியத் தூரத்துக்கு எத்தனை மடங்கோ, சட்டகமும் 36 க்கு 24 இன் அத்தனை மடங்கு. கண் வைக்கிற துளைக்கும் கம்பிக்கும் நடுவே 100 மி.மீ. விட்டால் 50 மி.மீ. லென்ஸுக்கு 72 க்கு 48. சைக்கிள் கம்பியை வளைத்து நேரே லென்ஸுக்கு மேலே நிறுத்தும், பக்கவாட்டில் வைத்தால் கிட்ட நிற்பவரின் தோள் வெட்டுப்படும். கிட்ட எடுக்கும்போது தலைக்கு மேலே கொஞ்சம் கூடுதலாக இடம் விடும்.

போகஸுக்குப் பயப்பட ஒன்றுமில்லை. வெளியில் எஃப் 8 இல் வைத்து வளையத்தை 10 மீற்றருக்குத் திருப்பினால் 5 மீற்றரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை கூர்மை. எஃப் 16 என்றால் 5 மீற்றரில் வைத்தால் இரண்டரை மீற்றரிலிருந்து எல்லாம் வரும். தெருவுக்கும் திருவிழாவுக்கும் இது தாராளம், நாங்கள் நல்லூர்த் தேர் எடுத்ததும் இப்படித்தான். அப்பர்ச்சரைத் திறந்து ஆள் முகம் எடுக்க வேண்டும் என்றால் மேசன்மார் வைத்திருக்கிற லேசர் அளவுகோல் ஒன்று வாங்கும், சுவரில் அடித்து அளக்கிற சாமானை ஆளின் நெஞ்சுப் பக்கம் அடித்து அளக்கலாம், கண்ணில் மட்டும் படக் கூடாது.

லென்ஸில் எழுதியிருக்கிற எண்ணும் உம்முடைய பெட்டியும் ஒத்துப்போகிறதா என்பதை முதல் ரோலிலேயே பார்த்துவிடும். அளவு நாடாவை நிலத்தில் நீட்டி விரித்து, ஒவ்வொரு அரை மீற்றருக்கும் பழைய பேப்பர் துண்டொன்றைத் தடியில் குத்தி நிறுத்தி, வளையத்தை 3 மீற்றரில் வைத்து, எஃப் 1.8 இல் நிழலுக்குள் எடும். தூரத்தைப் பிலிம் தளத்திலிருந்து அளக்க வேண்டும், லென்ஸ் நுனியிலிருந்து அல்ல. கழுவிய பிறகு பூதக்கண்ணாடியில் பார்த்தால் எந்தப் பேப்பரின் எழுத்து வாசிக்கிற மாதிரி இருக்கிறதோ அதுதான் உண்மைத் தூரம். மூன்றுக்கு முன்னால் நிற்கும் பேப்பர் தெளிவாக இருந்தால் தகடு கூடிவிட்டது, ஒன்றை எடும். பின்னால் நிற்பது தெளிவாக இருந்தால் இன்னும் ஒன்று வையும்.